அப்பத்தாவின் கைமெஷினுக்கு 3 லட்சம் தருகிறாராம் ஒருவர், நம்பலாமா?

சிவகங்கைச்சீமை:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். போன வருஷம் அப்பத்தா தவறிப்போனார். பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு தையல் மெஷின் கிடைத்தது. காலால் மிதிக்கிற ரகம் இல்லை, கைப்பிடி போட்ட கைமெஷின். மேலே வளைவாக ஒரு மரமூடி. பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. அப்பத்தாவின் மாமனார் பினாங்கில் வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தாராம்.

சிங்கர் என்று எழுத்து தெரிகிறது. கறுப்பு உடம்பில் தங்கப் பூ வேலை, பாதி அழிந்துவிட்டது. சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். போன வாரம் யாரோ சொல்லி ஒரு ஆள் வந்தார். மெஷினின் ஊசிப் பக்கம் செல்போனை வைத்து "டவர் போகுது பாருங்க" என்றார். உண்மையிலேயே போனது! உள்ளே ஏதோ விலைமதிப்பான பொருள் இருக்கிறதாம், 3 லட்சம் தருவார்களாம். ஆனால் முதலில் "டெஸ்டிங்" செலவுக்கு 15,000 ரூபாய் நாம் கட்ட வேண்டுமாம். சித்தப்பா பாதி நம்பிவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாபின்பெட்டி:
முதல் வேலையாக, அந்த 15,000-ஐக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த ஆள் சொல்லும் பொருளின் பெயர் "சிவப்புப் பாதரசம்". இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு மோசடிகள் வரிசையில் இதுவும் ஒன்று. 2009-இல் சவூதி அரேபியாவில் இந்த வதந்தி கிளம்பி, பழைய சிங்கர் மெஷின்களுக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ரியால் சொல்லும் அளவுக்குப் போனது. அங்கேயும் இதே செல்போன் சோதனைதான். ஊசிப் பக்கம் போனை வைத்தால் லைன் அறுந்தால் சரக்கு இருக்கிறது என்று அர்த்தமாம். கடைசியில் போலீஸ் தலையிட்டது.

தையல் மெஷினுக்குள் இருப்பது வார்ப்பிரும்பு, எஃகு, கொஞ்சம் எண்ணெய் அழுக்கு, அவ்வளவுதான். பாதரசத்துக்கு அதில் வேலையே கிடையாது. டவர் போனதற்குக் காரணம் உங்கள் பழைய வீட்டின் சுவராக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் எந்த முற்றத்தில் டவர் ஒழுங்காகக் கிடைக்கிறது, சொல்லுங்கள்?

அது கிடக்கட்டும். என்ன மாடல் என்று பார்ப்போம். பலகை மாதிரித் தட்டையாக இருக்கிற அடிப்பகுதியில், வலது பக்கம் ஒரு எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் ஊசிக்கு இடப்பக்கம் இருக்கும் இரும்புத் தகட்டை நகர்த்தினால் அடியில் நூல் ஓடுகிற பாகம் தெரியும். வட்டமாக இருக்கிறதா, படகு மாதிரி நீளமாக இருக்கிறதா?

சிவகங்கைச்சீமை:
நன்றி அக்கா. சித்தப்பாவிடம் காட்டினேன், "அதானே பாத்தேன்" என்கிறார்!

எண் கிடைத்தது. முன்னால் எஃப் என்ற எழுத்து, அதற்குப் பின் 7 இலக்கம். அடியில் இருப்பது படகு மாதிரிதான், துப்பாக்கித் தோட்டா என்றும் சொல்லலாம். உள்ளே மெல்லிய கம்பி, இரண்டு முனையிலும் சின்ன வட்டம். அதில் இன்னும் நூல் இருக்கிறது! நீல நிறம். யார் சட்டைக்குத் தைத்ததோ.

பாபின்பெட்டி:
அந்த நூலைப் பிரித்து எறியாதீர்கள். அப்படியே எடுத்து வையுங்கள், வேறு பாபின் (நூல் சுற்றியிருக்கிற அந்தக் கம்பி) வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 28கே. வீட்டு உபயோகத்துக்கு வந்த, முக்கால் அளவு மெஷின். படகு மாதிரி இருப்பது ஷட்டில். அது முன்னும் பின்னுமாக ஒரு வளைவில் ஊஞ்சல்போல் ஆடி, ஊசி இறக்கிய நூல் வளையத்துக்குள் புகுந்து வெளியே வரும். நாம் பழகிய உஷா, மெரிட் எல்லாம் சிங்கரின் 15-ஆம் வகுப்பை ஒட்டி வந்தவை. அவற்றில் வட்ட பாபின். (மெரிட் என்பது சிங்கர் நிறுவனரின் பெயரில் நடுவில் இருந்த சொல். ஐசக் மெரிட் சிங்கர்.)

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் பிறந்த ஊரைச் சொல்லும். 1900-க்கு முந்தியவற்றில் எழுத்தே இருக்காது, வெறும் எண்தான். அதற்கப்புறம் எஃப், ஜே, எம், பி, ஆர், எஸ், வி, ஒய் என்று ஆரம்பித்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை. சி என்றால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே. மாடலில் வருகிற "கே" கூட கிளைட்பேங்கைத்தான் குறிக்கும், அந்த ஆலை இருந்த இடம் கில்போவி. உங்கள் எஃப் 1910-களைச் சேர்ந்தது. எண்களை மொத்த மொத்தமாக முன்கூட்டியே ஒதுக்குவார்கள், அதனால் மெஷின் ஆலையை விட்டு வெளியே வந்த தேதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை: நூறு வருஷத்துக்கு மேலான மெஷின் என்பதால் விலை ஏறிவிடாது. பழசு வேறு, அரிது வேறு. அந்த ஆலையிலிருந்து 1913-ஆம் வருஷம் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் மெஷின் வெளியே போனது. இந்த மாதிரி ஓடுகிற கைமெஷினை நான் சில ஆயிரத்துக்குத்தான் வாங்கியிருக்கிறேன்.

கிளைட்கரை:
பல வருஷமாக கிளாஸ்கோவில் இருக்கிறேன். கிளைட்பேங்க் என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

இங்கே ரயிலில் போனால் "அடுத்த நிலையம் சிங்கர்" என்று அறிவிப்பு வரும். ஆலை 1980-இல் மூடிவிட்டது, நிலையத்தின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. முதல் தடவை கேட்டபோது அம்மாவின் மெஷின் ஞாபகம் வந்து, வேலையே இல்லாமல் அங்கே இறங்கினேன். பார்க்க ஒன்றும் இல்லை. அலுவலகக் கட்டடங்கள், கார் நிறுத்துமிடம். ஆலையின் மணிக்கூண்டு ஒரு காலத்தில் ஊருக்கே அடையாளம். நான்கு பக்கமும் 26 அடி அகலத்தில் கடிகார முகம். 1963-இல் இடித்துவிட்டார்கள்.

சீமைத் தம்பிக்கு ஒரு செய்தி. 1911 மார்ச்சில் அந்த ஆலையில் பெரிய வேலைநிறுத்தம். ஆரம்பித்தது மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் பெண்கள். 15 பேர் செய்த வேலையில் 3 பேரை எடுத்துவிட்டு, மிச்சம் 12 பேர் தலையில் அந்த வேலையையும் கட்டினார்கள், கூலியையும் குறைத்தார்கள். அந்தப் பெண்கள் எழுந்து வெளியே வர, கொஞ்ச நாளில் 10,000 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். போராட்டம் தோற்றது, முன்னின்றவர்கள் பலருக்கு வேலை போனது. உங்கள் மெஷினும் அதை ஒட்டிய காலத்தது. அந்த வளைந்த மரமூடியைத் துடைக்கும்போது கொஞ்சம் மெதுவாகத் துடையுங்கள்.

காஜாபட்டன்:
மதுரை புதுமண்டபத்தில் தைத்தவன் நான். இப்போது கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதற்கு முன்பே நான் கத்தரியைக் கீழே வைத்தாயிற்று. பன்னிரண்டு வயதில் காஜா எடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். மெஷினில் உட்கார விடுவதற்கு மூன்று வருஷம் ஆனது. அதுவரை காஜா, பட்டன், டீ வாங்கி வருவது, சாயங்காலம் மெஷினைத் துடைப்பது.

எங்கள் முதலாளியிடம் இருந்தது சிங்கர் 31கே, தையற்கடைக்கென்றே வந்த மெஷின். நான்கைந்து தூண் தள்ளி நின்றாலும் அது ஓடும் சத்தத்தை வைத்தே துணி என்ன என்று சொல்லிவிடுவேன். காடாத்துணி என்றால் ஒரு சத்தம், பாப்ளின் என்றால் ஒரு சத்தம். எண்ணெய் கேட்கிறது என்றால் அதற்கு ஒரு முனகல் உண்டு.

தம்பி, உங்கள் மெஷின் சக்கரம் ஏன் சுற்றவில்லை தெரியுமா? அப்பத்தா தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டு மெஷினுக்கு அதுதான் வியாதி. தலைக்குத் தேய்த்த கையோடு இதற்கும் இரண்டு சொட்டு. அது வருஷக்கணக்கில் நின்று வேப்பம்பிசின் மாதிரி இறுகிவிடும்.

மேலே அச்சுக்கு நேராகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் மெல்ல அசைத்துப் பாருங்கள். வரவில்லையா, மறுபடி விடுங்கள். முடி காயவைக்கிற மெஷினால் லேசாகச் சூடு காட்டலாம். பலத்தைக் காட்டாதீர்கள். அது எருமை இல்லை, இழுத்தால் வருவதற்கு. அசைய ஆரம்பித்ததும் தையல் மெஷின் எண்ணெய் மட்டும்.

பாபின்பெட்டி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மண்ணெண்ணெய் ஓட்டைக்குள் மட்டும். தங்கப் பூ வேலை மேல் ஒரு துளி படக்கூடாது.

அந்தப் பூ வேலை கையால் வரைந்தது இல்லை, ஒட்டுப்படம். அதன் மேல் அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். (அரக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. ஆக அந்தப் பளபளப்பில் கொஞ்சம் நம்மூர் மரத்துப் பூச்சியின் பங்கு இருக்கலாம்.) ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். கண்ணாடி துடைக்கிற நீல திரவம், சோப்புத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற நார் எதுவும் வேண்டாம். பஞ்சில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு, விரல் நுனியால் வட்டமாகத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வந்தால் நல்லது. தங்க நிறமாக வந்தால் அந்த இடத்தில் உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்று. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் நெற்றியில் இறுகி இருக்கிறதா? நான் வாங்கிய மெஷின்களில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் பூ இருக்காது. ஒவ்வொரு வருஷமும் சந்தனம் வைத்து, அடுத்த வருஷம் ஈரத்துணியால் சுரண்டி எடுத்து, மறுபடி வைத்து... அங்கே மட்டும் வட்டமாகக் கறுப்பு. ஒரு காலத்தில் அதைச் சேதம் என்று கணக்கு வைத்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

பழமரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பழைய மரச்சாமான் புதுப்பித்து விற்கிறேன். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வாரம் ஒரு முறையாவது வருவேன். தையல் மெஷினின் இரும்புக் காலுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. மேலே தேக்குப் பலகையோ கடப்பாக் கல்லோ போட்டால் அருமையான டேபிள். காபிக் கடைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உங்களுடையது கைமெஷின் என்பதால் எனக்குப் பயன் இல்லை. ஆனால் மற்றவர்கள் யாரிடமாவது கால் இருந்தால் சொல்லுங்கள். மேலே இருக்கிற மெஷினை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது கிலோ கணக்கில் போட்டுவிடலாம்.

காஜாபட்டன்:
கிலோ கணக்கிலா? வாய் கூசவில்லையா சார்? தலையை எடுத்துவிட்டு முண்டத்தில் காபி வைத்துக் குடிக்கிறார்கள்.

பழமரம்:
ஐயா, கோபப்படாதீர்கள். நான் வாங்காவிட்டால் அந்தக் காலும் காயலான் கடைக்குத்தான் போகும். உருக்கிக் கம்பியாக்குவதைவிட யாராவது பார்த்து ரசிப்பது நல்லதுதானே?

பாபின்பெட்டி:
இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் ஐயா பக்கம்தான். பழமரம், உடைந்த தலை, விரிசல் விட்ட அடிப்பலகை என்றால் காலை எடுத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஓடுகிற மெஷினைப் பிரிக்காதீர்கள். கோவையில் என்னிடம் தலை மட்டும் ஐந்து இருக்கிறது, எல்லாம் நன்றாகத் தைக்கும், ஒன்றுக்கும் கால் இல்லை. அந்தக் கால்களில் யாரோ காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் வரும் தலைகளைக் கிலோவுக்குப் போடும் முன் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். இரும்பு விலைக்கு மேலேயே தருகிறேன்.

பழமரம்:
அப்படியா? இப்போதே மூன்று கிடக்கிறது. தனிமடல் போடுகிறேன்.

பனையோலை:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கையில் சிங்கர் 1877-இலேயே வந்துவிட்டது. எங்கள் அம்மம்மாவின் மெஷின் தவணைக் காசுக்கு எடுத்தது. காசு கட்டிய துண்டுகளை அவர் லாச்சிக்குள் (இழுப்பறை) கடைசி வரை வைத்திருந்தார்.

தலையும் காலும் பற்றிக் கதை போவதால் சொல்கிறேன். 1995 போர் இடப்பெயர்வில் அம்மம்மா எதையும் எடுக்கவில்லை, மெஷினை விட்டு வரவும் மறுத்துவிட்டார். மாமா தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினார். நடக்கத் தொடங்கினால் சைக்கிளின் முன் சில்லு மேலே எழும்புமாம், அவ்வளவு பாரம். ஒரு கையால் ஹாண்டிலை அமத்திக்கொண்டே சாவகச்சேரி வரை உருட்டினார். அங்கே ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மெஷினை மேசை மேல் வைத்து, அம்மம்மா கையால் சக்கரத்தைச் சுற்ற, அம்மா துணியைப் பிடிக்க, பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டில் கால் இல்லை. வேறொரு கால் வாங்கிப் போட்டோம். ஆகவே எங்கள் மெஷினும் தலை ஒரு வீடு, கால் ஒரு வீடு.

ராட்டை:
காந்தி விஷயம் யாரும் சொல்லவில்லையே. எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924-இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் கேட்டபோது, விலக்குகள் உண்டு என்று சொல்லி, சிங்கர் தையல் மெஷினை அவர் உதாரணம் காட்டினார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் கொண்ட அன்பால் சிங்கர் கண்டுபிடித்தது என்று காரணமும் சொன்னார். அந்த மாணவர்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மாவுடன் சேர்ந்து சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன்.

கிளைட்கரை:
அழகான கதை, ஆனால் சிங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்கள் சிரிப்பார்கள்! ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்திய மனிதர், மொத்தம் 24 பிள்ளைகள். தையல் மெஷினையும் அவர் முதலில் கண்டுபிடிக்கவில்லை. எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், சிங்கர் வாங்கியது 1851-இல். ஹோவ் வழக்குப் போட்டு ஜெயித்து, சிங்கரிடம் பங்குப்பணம் வாங்கினார். சிங்கர் கம்பெனியின் சாமர்த்தியம் தவணை முறை விற்பனையில் இருந்தது. பனையோலையின் அம்மம்மா லாச்சிக்குள் வைத்திருந்ததும் அதைத்தானே.

காஜாபட்டன்:
யார் மேல் அன்பு வைத்துச் செய்தால் என்ன, ஊசிக் கண்ணை நுனிக்குக் கொண்டுவந்தானே ஒருவன், அவனுக்கு ஒரு கும்பிடு. கைத்தையல் ஊசிக்குக் கண் மேலே, மெஷின் ஊசிக்குக் கண் கீழே. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

சிவகங்கைச்சீமை:
மூன்று ராத்திரி மண்ணெண்ணெய். நான்காவது நாள் காலையில் சக்கரம் நகர்ந்தது! முதலில் ஒரு விரல்கடை, அப்புறம் கால் சுற்று, பத்து மணிக்கு முழுச் சுற்று. பழுப்பு நிறத்தில் கசிந்தது, ஐயா சொன்ன மாதிரியே லேசாகத் தேங்காய் வாசனை.

அந்த சந்தோஷத்தில் தப்புப் பண்ணிவிட்டேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். திரும்ப மாட்டியபின் சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் அப்படியே. உடைத்துவிட்டேனா?

பாபின்பெட்டி:
உடைக்கவில்லை, எல்லோரும் ஒரு தடவை செய்வதுதான். அந்தத் திருகுக்குப் பின்னால் மூன்று காது வைத்த ஒரு வாஷர் இருக்கிறதல்லவா? அதைக் கழற்றி, அரை வட்டம் திருப்பி மாட்டுங்கள். உள்பக்கம் வளைந்த இரண்டு பல் வெளியே பார்த்தபடி, அதாவது உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு நிலையில் மட்டும்தான் அது பிடிக்கும். பாபின் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நீங்கள் மாட்டிய நிலையில் அது எப்போதும் பாபின் சுற்றத் தயாராக நிற்கிறது.

சிவகங்கைச்சீமை:
பிடித்துக்கொண்டது! ஆனால் தையல் விழவில்லை அக்கா. ஊசி துணியைக் குத்துகிறது, கீழ்நூல் மேலே வரவே இல்லை. புது ஊசி போட்டேன். அம்மாவின் உஷாவில் போடுவது மாதிரியேதான் போட்டேன்.

காஜாபட்டன்:
அங்கேதான் தப்பு. உஷாவில் ஊசியின் தட்டைப் பக்கம் இடது, நூலை வலமிருந்து இடமாகக் கோர்ப்பீர்கள். படகு ஷட்டிலுக்கு நேர் எதிர். தட்டைப் பக்கம் வலது, அதாவது சக்கரத்தைப் பார்க்க வேண்டும். நூல் இடமிருந்து வலம். கடைக்கு வந்த எத்தனையோ "ரிப்பேர்" மெஷினுக்கு நான் செய்த வைத்தியம் ஊசியைத் திருப்பிப் போட்டதுதான். காசு வாங்க வெட்கமாக இருக்கும். ஆனாலும் வாங்கிவிடுவேன்.

சிவகங்கைச்சீமை:
தைத்துவிட்டது. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டில் ஒரு முழ நீளம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சின்னச் சின்னதாக, நேராக.

அந்த நீல நூல் பாபினை அப்படியே ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிக்குள் வைத்துவிட்டேன். புது நீட்டு பாபின் வாங்கி, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற சுற்றியில் மாட்டி நூல் சுற்றினேன். அதில் ஒரு இருதய வடிவ இரும்புத் துண்டு சுழல்கிறது, அது சுழலச் சுழல ஒரு சின்னக் கம்பி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்து நூலை வரிசையாகப் பரப்புகிறது. என் மகள் கைப்பிடியை விடவே இல்லை. மூன்று பாபின் சுற்றியாயிற்று, நான்காவதுக்கு நூல் கேட்கிறாள்.

அந்த ஆள் நேற்று மறுபடி போன் செய்தார், 4 லட்சம் என்றார். சித்தப்பாவே எடுத்துப் பேசினார். "டெஸ்டிங் முடிஞ்சிருச்சு தம்பி, உள்ள தேங்காய் எண்ணெய்தான் இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இனி ஒரே ஒரு கேள்வி. சுற்றியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்துப்போய், இப்போதைக்குத் தண்ணீர்க் குழாய் வாஷர் போட்டு ஓட்டுகிறேன். சரியான அளவு எங்கே கிடைக்கும்?

பாபின்பெட்டி:
முகவரியைத் தனிமடலில் போடுங்கள். என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.